பகல் டியூட்டி

அங்கே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேருக்கு நடுவில் நிற்கிறாரே, சந்தனக் கலர் சட்டை, அவர் என் மாப்பிள்ளை. திலகராஜ். அவர் காட்டிக்கொண்டிருப்பது கடல். அந்தக் கடல் என்னுடையது.

சிரிக்காதீர்கள். உட்காருங்கள். அடுத்த பந்திக்கு இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். நீங்கள் பையன் வீட்டாரா? அதுதான் நல்லது. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் இப்போது என்னிடம் கதை கேட்பதில்லை. முப்பது வருசமாக இந்தத் திருச்செங்கோட்டில் எந்த மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தாலும் அந்தக் கடலைச் சொன்னவன் நான். போன மாசத்திலிருந்து அவர் சொல்கிறார். படம் வேறு காட்டுகிறார். படம் இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். படம் இல்லாமல் முப்பது வருசம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒடிசாவில் பாலசோர் பக்கம் சண்டிப்பூர் என்று ஒரு ஊர். அங்கே கடல் தினமும் இரண்டு வேளை எழுந்து போய்விடும். ஐந்து கிலோமீட்டர். நம் பக்கத்துக் கடல் அலையை அனுப்பும், காலை நனைக்கும், அலையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். தான் இருந்த இடத்திலேயே இருக்கும். அங்கே அது மொத்தமாகவே கிளம்பிப் போய்விடும். கடல் இருந்த இடத்தில் ஆள் நடக்கலாம், சைக்கிள் விடலாம். பிறகு நேரம் பார்த்து வந்துவிடும். வரும்போது பத்து லாரி முதல் கியரில் மலை ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். இப்படித்தான் சொல்வேன். ஒருத்தரும் நம்பியதில்லை. என் பெண்ணுடைய நிச்சயத்தன்று இதைக் கேட்டுவிட்டு, திலகராஜின் அப்பா, போகும்போது கடல் வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகும் என்று விசாரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கடல்காரர் என்று பெயர். பெண்ணைக் கொடுத்த வீடு. என்ன சொல்ல முடியும்?

அப்புறம் ஒருநாள் மாப்பிள்ளை போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடிவந்தார். "மாமா, நீங்க சொன்னது நெசந்தானுங்க!" அவர் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். நிலா இழுக்கிறதாம். எலுமிச்சம்பழத்தை நிலாவாகவும் சப்பாத்தி உருண்டையைப் பூமியாகவும் வைத்து எனக்கே பாடம் எடுத்தார். அன்றைக்கு நான் தலை நிமிர்ந்து சாப்பிட்டேன். சம்பந்திக்குப் போன் போட்டு, சாவியை நிலாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறதாம் என்று சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வாத்தியார் ஆயிற்றே. அரையாண்டு லீவில் எல்லோரும் காரிலேயே போவோம் என்றார். மாமா கடலுக்குள் முன்னால் நடக்கட்டும், அப்போது எங்கே நின்றார், எந்தப் பக்கம் போனார், எவ்வளவு தூரம் போனார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும், நான் வீடியோ எடுக்கிறேன் என்றார். என் பெண் சுகந்தி கை தட்டினாள். பேத்தி மித்ரா, எட்டு வயசு, அவளும் தட்டினாள். என் வீட்டுக்காரி பாவாயி மட்டும், "அவரு எதுக்குங்க மாப்பிள்ளை, முட்டி வலிங்கறாரு. நீங்க போயிட்டு வாங்க," என்றாள். என் முட்டிக்கு ஒன்றுமே இல்லை. நான் நாலு இடம் போவதென்றாலே அவளுக்கு ஆகாது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம்.

நாங்கள் டபுள் டிரைவர். நானும் செங்கோடனும். இருபத்தாறு வருசம் ஒரே வண்டி. அவன் பகல், நான் ராத்திரி. அவன் ஓட்டும்போது நான் பின் சீட்டில் படுத்திருப்பேன், நான் ஓட்டும்போது அவன். ராத்திரி ஓட்டுகிறவனுக்குத்தான் கண் வேண்டும், அதனால்தான் முதலாளி எனக்கு ராத்திரியைக் கொடுத்தார். ஆள் மாறும்போது ஒரு டீ குடிப்போம். டீ முடிவதற்குள் ஒருத்தன் தன் பன்னிரண்டு மணி நேரத்தையும் அடுத்தவனுக்குச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்தச் செக்போஸ்ட்டில் எவன் நிற்கிறான், எங்கே மாடு படுத்திருக்கிறது, எந்த ஊரில் தேர் ஓடுகிறது, எவளோ ஒருத்தி புருசனைச் செருப்பால் அடித்தாள், எல்லாம். சொல்லாமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. அப்படித்தான் எனக்குப் பகலில் இருக்கிற இந்தியா முழுக்கத் தெரியும். அவனுக்கு ராத்திரி இந்தியா தெரியும். கிருஷ்ணா நதியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அவன் சொன்னால் நான் பார்த்த மாதிரி. விழுப்புரத்தில் ராத்திரி பேய் கைகாட்டியது என்று நான் சொன்னால் அவன் பார்த்த மாதிரி. ஒரே வண்டியில் போகிறவர்களுக்குத் தனித்தனிக் கண் எதற்கு?

கல்கத்தாவில் ஜவ்வரிசி இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாலசோரில் மறு லோடுக்காக இரண்டு நாள் கிடந்தோம். காலையில் நான் லாரிக்கு அடியில் படுத்துவிட்டேன். செங்கோடன் எவனுடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு போனான். மத்தியானம் வந்து என் காலை உதைத்து எழுப்பி, டேய் நாச்சிமுத்து, கடலைக் காணோம்டா என்றான். முழங்கால்வரை சேறு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? சேற்றை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சத்தம் மட்டும் நான் சேர்த்தது. அவ்வளவு பெரிய கடல் திரும்பி வருகிறது, ஒரு சத்தம் வராதா?

சரி, எனக்குப் பயமா என்றால் பயமில்லை. முன்னால் நடங்கள் என்றால் நடக்கிறவன்தான் நான். ஆனால் எந்தப் பக்கம் நடப்பது? அதுதான் விசயம். செங்கோடன் எந்தப் பக்கம் நடந்தான் என்று சொல்லவில்லை. கேட்கலாமென்றால் அவன் செத்து ஆறு வருசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். பாவாயி ஒரு அண்டாப் புளிசாதம் கட்டியிருந்தாள். ராத்திரி நான், பகலில் மாப்பிள்ளை என்று பேச்சு. முதல் ராத்திரியே ஓங்கோல் கொண்டுபோய் நிறுத்தினேன். மாப்பிள்ளைக்கு ஆச்சரியம். மாமா, உங்களுக்குத் தூக்கமே வராதா என்றார். விடிந்ததும் வரும் என்றேன். விடிந்ததும் வந்தது. பின் சீட்டில் சாய்ந்தவன் விசாகப்பட்டினத்தில்தான் எழுந்தேன். நடுவில் கோதாவரி வந்ததாம். மித்ரா என் மீசையை இழுத்துப் பார்த்தாளாம். எனக்குக் கோதாவரி தெரியாதா? நூறு தடவை தாண்டியிருக்கிறேன். பாலத்தில் எத்தனை இடத்தில் சக்கரம் தட்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ரிட்டையர் ஆகி எட்டு வருசம் ஆயிற்று, இந்த வழக்கம் போகவில்லை. வெயில் ஏறினால் கண் செருகிவிடும். இதை வைத்து எங்கள் வீட்டில் நிறையக் கதை கட்டியிருக்கிறார்கள். தாலி கட்டும்போது நான் தூங்கினேன் என்று என் மாமியார் சாகும்வரை சொன்னாள். சுத்தப் பொய். முகூர்த்தம் காலை நாலரைக்கு, அது எனக்கு டியூட்டி நேரம். நான் தூங்கியது சாப்பாட்டின்போது.

விசாகப்பட்டினத்தில் ராத்திரி ஏழு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சண்டிப்பூர். லாட்ஜ் வாசலில் நிறுத்தும்போது இன்னும் இருட்டு. கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, கடல் இப்போது போய்க்கொண்டிருக்கிறது, ஏழரைக்கு முழுசாக வற்றியிருக்கும், எல்லோரும் முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். சரி, ஐந்து நிமிசம் கண்ணை மூடுவோம் என்று பின் சீட்டில் சாய்ந்தேன்.

எழுந்தபோது மணி ஒன்றேகால்.

வண்டியை யாரோ சவுக்கு நிழலில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். வெயில் படாமல் ஜன்னலுக்குப் பாவாயியின் புடவை திரை மாதிரிக் கட்டியிருந்தது. என்னை எழுப்பவே இல்லை. சுகந்தியைக் கேட்டால், "அம்மாதான் எழுப்பாதீங்கன்னு சொல்லுச்சு," என்கிறாள். மித்ரா என்னை உலுக்க வந்தாளாம். அப்புச்சி பார்த்ததுதானே, நீ வா என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம் பாவாயி. பார்த்தீர்களா? ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவனை வண்டியில் போட்டுவிட்டு நாலு பேரும் கடலுக்குள் போயிருக்கிறார்கள்.

லாட்ஜுக்குப் பின்னால் கரை. கரையில் சிமெண்டுப் படி. நான் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் மேல்படியைத் தொட்டுக்கொண்டு சாதுவாக நின்றது. ஒரு பெரிய ஏரி மாதிரி. இதற்கா இவ்வளவு தூரம் என்று இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். நாலு பேருக்கும் முழங்கால்வரை சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழுவிக்கொள்ளக்கூட இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவ்வளவு தூரம் நடந்தார்களாம், இவ்வளவு சிவப்பு நண்டாம், திரும்பிப் பார்த்தால் லாட்ஜ் தீப்பெட்டி மாதிரித் தெரிந்ததாம். பாவாயி அறுபத்திரண்டு வயசில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாளாம். என்னிடம் முட்டி வலி என்று சொல்கிறவள். மாப்பிள்ளை எழுந்து நின்றே சொன்னார்: மாமா, அப்பா சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இனி அந்தக் கடல்காரர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது, நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பலாம் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோசத்தில்தான்.

அப்போது மித்ரா கேட்டாள். "அப்புச்சி, சத்தமே வரலியே. பத்து லாரி மாதிரி வரும்னீங்க?"

மாப்பிள்ளையும் யோசித்தார். ஆமாம், தண்ணீர் திரும்பி வந்ததே தெரியவில்லை, காலைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது என்றார். வாத்தியார் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி, "அது லாரிய ஓட்டி ஓட்டி அவரு காதுல எப்பவும் கேக்கற சத்தம். எங்கிட்ட அப்பவே சத்தமே இல்லாம வந்துச்சுன்னுதான் சொன்னாரு," என்றாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒருநாளும் சொன்னதில்லை. சத்தத்தோடுதான் சொல்லியிருக்கிறேன், அவளிடமும் சத்தத்தோடுதான். பாவம், அவளுக்கு இப்போது ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. அதற்கு முன்பு மாப்பிள்ளை எங்கே லாரியை நிறுத்தினீர்கள் என்று கேட்டபோதும், இவள்தான் அப்போது இந்த லாட்ஜெல்லாம் ஏது, எல்லாம் மாறியிருக்கும் என்று நடுவில் விழுந்தாள். இவள் என்னவோ வந்து பார்த்த மாதிரி.

நான் விட்டுவிட்டேன். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் வற்றுமாம். மாப்பிள்ளை இரண்டு ரூம் போட்டிருந்தார். எட்டு மணி மாமாவுக்கு டியூட்டி நேரம், சுறுசுறுப்பாக இருப்பார், பெரிய டார்ச் இருக்கிறது, அவர் முன்னால் நடக்கட்டும், நாங்கள் பின்னால் வருகிறோம், வீடியோவை அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து, வண்டியில் கிளட்ச் வாடை அடிக்கிறது என்றேன்.

மாப்பிள்ளைக்கு முகம் மாறிவிட்டது. வண்டி வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. நேற்று ராத்திரியே சந்தேகப்பட்டேன், இப்போது மோந்து பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊரில் யாரும் கிடைக்க மாட்டார்கள், இப்போதே கிளம்பினால் கடை சாத்துவதற்குள் புவனேஸ்வர் போய் ஆளைப் பிடித்துவிடலாம், நாளைக்கு என்றால் நடு ரோட்டில் நிற்கும் என்றேன். சுகந்தி முனகினாள். ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகலாம் அப்பா, இனி எப்போது வரப்போகிறோம் என்றாள். மித்ரா அழவே ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு, அப்புச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் கண்ணு என்றார். அந்த வார்த்தையைக் கேட்க நான் பத்து வருசம் காத்திருந்தேன் தெரியுமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து.

புவனேஸ்வரில் மெக்கானிக் எல்லாம் பார்த்துவிட்டுக் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றான். சில கிளட்ச் அப்படித்தான். போகப்போகத் தானே சரியாகிவிடும்.

லாட்ஜில் இரண்டேமுக்காலுக்கு மூட்டை கட்டியாயிற்று. மாப்பிள்ளை பகல் என்னுடைய டியூட்டிதானே என்றார். கிளட்ச் விசயம், நானே எடுக்கிறேன் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். நன்றாகக் கவனியுங்கள், என் ஆயுளில் வெளிச்சத்தில் தூர வண்டி எடுத்தது அன்றைக்குத்தான். பாவாயி முன்சீட்டில் ஏறாமல் சுற்றிக்கொண்டு என் பக்கத்துக் கதவுக்கு வந்தாள். மற்றவர்கள் டிக்கியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க. செங்கோடண்ணன் போயிச் சேர்ந்து ஆறு வருசமாச்சு. இனி யாருகிட்டக் கேட்டுக்குவீங்க? நான் இவங்கள இங்கயே புடிச்சு வெச்சுக்கறேன். ஒருவாட்டி அந்தப் படிகிட்டப் போயி நின்னு பாத்துட்டு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. செத்தவனை எதற்கு இழுக்கிறாள்? அவனிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவனுக்கும் அவளுக்கும் அண்ணன் தங்கை மாதிரிப் பழக்கம்தான். லோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் முதல் சாப்பாடு அவனுக்கு. சாப்பிட்டுக்கொண்டே பேசுவான், நிறையப் பேசுவான். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பேன். என்ன பேசினானோ. அதெல்லாம் இப்போது எதற்கு? "பாத்ததையே எத்தன வாட்டி பாக்கறது? ஏறு," என்றேன். கதவிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் போய் ஏறிக்கொண்டாள்.

அந்த ஊர் ரோடு கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் போகும். போய் இடது பக்கம் ஊருக்குள் திரும்பும். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ரோட்டைப் பார்க்க வேண்டும். சொன்னால் கேட்க மாட்டாள்.

திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் பார்க்காமல் எந்த டிரைவர் திருப்புவான்? லாட்ஜ் தெரிந்தது. அந்தப் படி தெரிந்தது. மேல்படியில் இருந்த தண்ணீரைக் காணோம். அடிப்படியிலும் இல்லை. அதற்கும் கீழே ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்துகிற அளவுக்கு ஈரத்தரை, அதற்கப்புறம்தான் தண்ணீர். அந்தத் தரையில் ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கி, ஏறி உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்தான். அவன் போகப்போகத் தண்ணீர் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அப்போதுதான் தெரிந்தது, ரோட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறேன். கியரைப் போட்டுத் திருப்பிவிட்டேன்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. பாவாயியிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் ஏதோ பேச்சுவாக்கில் வந்துவிட்டது. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது? கண்ணாடியில் பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேராது.